தண்ணீர் சோதனை கிட்: 3 ஸ்டார், அதுவும் ஆக்சிஜன் பார்க்கும் சொட்டு மருந்துக்காக

பெங்களூர் அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கிற நாங்கள் ஏழெட்டுப் பேர் காசு போட்டு ஆன்லைனில் வாங்கியது, 2,400 ரூபாய், மூன்று மாதமாக ஓடுகிறது. பெட்டியில் டிடிஎஸ் (கரைந்த உப்பு) மீட்டர், நைட்ரேட் ஸ்ட்ரிப், கிருமி பார்க்க ஐந்து பாட்டில், கரைந்த ஆக்சிஜன் பார்க்கச் சொட்டு மருந்து.

சொட்டு மருந்துதான் உருப்படி. கண்ணாடி பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி, ஒரு குமிழ்கூட இல்லாமல் மூடி, முதல் இரண்டு மருந்தையும் விட்டால் பழுப்பாகத் திரிந்து அடியில் இறங்கும், அமிலம் விட்டதும் லைட் டீ கலரில் தெளியும், அப்புறம் கடைசி மருந்தை நிறம் போகும்வரை சொட்டுச் சொட்டாக எண்ண வேண்டும், அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஆக்சிஜன் அளவு. கையுறை கட்டாயம், என் பேன்ட்டில் ஓட்டை விழுந்துவிட்டது.

முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு லிட்டருக்கு 9 மில்லிகிராம் வந்தது. ஏரி சூப்பர் என்று குரூப்பில் போட்டோம். அடுத்த வாரம் காலை ஆறு மணிக்கு 3! கிட் டூப்ளிகேட் என்று விற்றவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். விஷயம் பாசியில் இருக்கிறது: வெயிலில் ஆக்சிஜனை விடும், ராத்திரி அதுவே இழுத்துக்கொள்ளும், அதனால் விடியற்காலையில்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். மீன் வாழ 4 வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. 2016 மார்ச்சில் இதே ஏரியில் மீன்கள் குவியல் குவியலாகச் செத்து மிதந்தன, அதைப் பார்த்தவர்களுக்கு அந்த 3 வயிற்றைக் கலக்கும். எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்று மேனுவலில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

கிருமி பாட்டிலும் பரவாயில்லை. கீழ்வீட்டு அக்கா "நம்ம சம்ப் தண்ணி டிடிஎஸ் 180தான், பன்னீர் மாதிரி" என்பார். அதே தண்ணீரைக் கோடு வரை ஊற்றி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தேன், மறுநாள் மசி மாதிரிக் கறுத்துவிட்டது, கறுத்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். மீட்டருக்கு உப்புதான் தெரியும், சாக்கடை கசிவது தெரியாது. பெங்களூர் குளிருக்கு 48 மணி நேரம் பொறுங்கள், கறுத்ததை பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுக் கொட்டுங்கள்.

நைட்ரேட் ஸ்ட்ரிப் சுத்த வேஸ்ட். குடிநீருக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், இவர்கள் அட்டையிலோ 25க்கும் 50க்கும் ஒரே ரோஸ் கலர். கேட்டதற்கு "நிழலில் வைத்துப் பாருங்கள் சார்" என்று பதில், பார்த்தோம், நிழலிலும் ரோஸ்தான்.

சொட்டு மருந்து தீர்ந்தால் அதை மட்டும் தரமாட்டார்களாம், முழுப் பெட்டியும் வாங்க வேண்டுமாம். ரீஃபில் வந்தால் சொல்லுங்கள், அன்றைக்கே ஆர்டர் போடுகிறேன்.