ஹட்டனில் கட்டிய ரோட்டரி கன்வேர்ட்டர்: சிஎன்சி மெஷினுக்குச் சரிவருமா?

எங்கள் பட்டறை டிக்கோயா பக்கம், மேட்டில். அங்கே ஏறி வருவது சிங்கிள் ஃபேஸ் கம்பி மட்டும். தேயிலை பெக்டரிகளுக்கு பியரிங் ஹவுசிங், பிரேக்கட் வெட்ட நான் எடுத்ததோ ஜப்பான் ரீகண்டிஷன் சிஎன்சி மில்லிங் மெஷின், கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டுவது. பிளேட்டில் த்ரீ ஃபேஸ், 200 வோல்ட். வெறும் மோட்டார் என்றால் ஒரு விஎப்டி (சிங்கிள் ஃபேஸை எடுத்து மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் தரும் எலக்ட்ரோனிக் பெட்டி) போதும். ஆனால் விஎப்டி தருவது துண்டு துண்டாக நறுக்கிய கரண்ட். அதைக் கன்ட்ரோல் போர்டுக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் டவுனில் வைண்டிங் செய்யும் பாஸ் ஒருவரிடம் ரோட்டரி கன்வேர்ட்டர், அதாவது ஓடும் மோட்டார் ஒன்றை வைத்து சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸ் ஆக்கும் கருவி, கட்டக் கொடுத்தேன்.

நான் கொடுத்த பழைய 5 எச்பி மோட்டாரை 230க்கு வைண்டிங் செய்து, கெப்பாசிட்டர் பெட்டியோடு தந்தார். என் மெஷினில் கட்டரைச் சுற்றும் ஸ்பின்டில் மோட்டார் 3 எச்பிதான். கன்வேர்ட்டரில் ஓடும் மோட்டார் மெஷின் மோட்டாரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் மனுஷன் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே வருவது 230 வோல்ட் த்ரீ ஃபேஸ். இடையில் 200க்குக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வைத்தேன். 400 வோல்ட் மெஷின் வைத்திருப்பவர்களுக்குக் கூட்டும் டிரான்ஸ்போமர் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் சுற்றிய சிவப்பு டேப். மூன்று கம்பியில் இரண்டு மீட்டரிலிருந்து நேரே வருகிறவை. மூன்றாவதை அந்த மோட்டார்தான் உண்டாக்குகிறது. சிவப்பு டேப் அதில்தான். "தம்பி, இது மோட்டாருக்கு மட்டும். கம்ப்யூட்டர் பக்கம் மற்ற ரெண்டையும் கொடு" என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: சும்மா ஓடும்போது டேப் கம்பியில் 247, ஆழமாக வெட்டும்போது 222. மற்ற இரண்டுக்கும் இடையே அவ்வளவு ஆட்டம் இல்லை. கம்ப்யூட்டர் பக்கத்துக்குக் கரண்ட் தரும் கன்ட்ரோல் டிரான்ஸ்போமரை அந்த இரண்டிலேயே மாட்டினோம். மெஷின் அலாரம் அடிக்காமல் ஓடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. முதலில் தந்த பெட்டியில் கொன்டாக்டர் கிடையாது, அதாவது கரண்ட் போனால் தானாக விடுபட்டு, திரும்பி வந்தாலும் நாம் போடும்வரை விடுபட்டே நிற்கும் சுவிட்ச். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்படி என்று சொல்லத் தேவையில்லையே. நின்ற மோட்டாருக்கு ஸ்டார்ட் கெப்பாசிட்டர் இல்லாமல் கரண்ட் திரும்பினால் அது சுற்றாது, உறுமிக்கொண்டே சூடேறும், வைண்டிங் கருகிவிடும். கேட்டபிறகு போட்டுத் தந்தார், தனிக் காசுக்கு. கன்வேர்ட்டர் மோட்டார் முழு வேகம் பிடிக்கும்வரை மெஷினுக்குக் கரண்ட் போகாதபடி ஒரு டைமரும் அப்போதே போட்டுக்கொண்டேன். இரண்டையும் ஓடர் கொடுக்கும்போதே கேளுங்கள்.

சத்தம் அதிகம், மோட்டாரை வெளியே தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். அப்புறம், உங்கள் ரோட்டில் த்ரீ ஃபேஸ் கம்பி போகிறதென்றால் இந்த வேலைக்கே போகாதீர்கள், மின்சார சபைக்கு விண்ணப்பம் போடுங்கள்.