சுற்றுச்சூழல் தரவை ஜிஐஎஸ்ஸுக்குள் கொண்டுவருவது: ஜிடால், கியூஜிஐஎஸ் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மழை, வெப்பநிலை, தாவரப் பசுமை, நில உயரம் என்று எந்தத் தரவை எடுத்தாலும் இன்று பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. 2008இல் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது இதில் பெரிய திருப்பம். ஆனால் தரவு கைக்கு வருவது வேறு, அது ஜிஐஎஸ்ஸில் (தரவை வரைபடத்தில் வைத்து ஆராயும் மென்பொருள்) சரியான இடத்தில் சரியான மதிப்போடு வந்து உட்காருவது வேறு. பல வருடங்களாக இந்த இடைப்பட்ட வேலையைத்தான் செய்துவருகிறேன். என் அனுபவத்தில் கோப்பின் வடிவத்தை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். அதிலுள்ள எண் எதைக் குறிக்கிறது என்ற தகவல் வழியில் உதிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் முக்கால்வாசி உழைப்பு போகிறது.

நான் அன்றாடம் நம்பியிருப்பது ஜிடாலை. 1998இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கிய இந்தத் திறமூல நூலகம் நூற்றுக்கும் மேற்பட்ட ராஸ்டர் (கட்டம் கட்டமாக எண்கள் கொண்ட படம்) வடிவங்களைப் படிக்கும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒரு ராஸ்டரைத் திறந்தால் பின்னால் ஓடுவதும் இதுதான். கியூஜிஐஎஸ் பார்ப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் அருமையானது. ஆனால் முப்பது கோப்புகளுக்கு மேல் போனால் கட்டளை வரிக்கு வந்துவிடுவது நல்லது. பட்டன் அழுத்திச் செய்த வேலையை ஆறு மாதம் கழித்து அதேபோல் திரும்பச் செய்ய முடியாது. ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருந்தால் முடியும்.

எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ஓட்ட வேண்டியது, கோப்பின் விவரத்தைக் காட்டும் ஜிடால்இன்ஃபோ கட்டளை. பல மாறிகளையும் காலத்தையும் ஒன்றாக வைக்கும் நெட்சிடிஎஃப் கோப்பாக இருந்தால் உள்ளே எத்தனை மாறிகள், எந்த அலகு, காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, வெற்றிடத்துக்கு என்ன எண், பெருக்க வேண்டிய காரணி உண்டா என்று எல்லாம் அதில் வந்துவிடும். இதைப் படிக்காமல் நேரே ஜியோடிஃப் (இடத்தகவல் உள்ள பட வடிவம்) ஆக்கினால் படம் என்னவோ அழகாகத்தான் வரும். நாசா செயற்கைக்கோள்களிலுள்ள மோடிஸ் கருவியின் நில மேற்பரப்பு வெப்பநிலையில் 15000 என்று ஓர் எண் இருக்கும். அதை 0.02ஆல் பெருக்கினால் 300 கெல்வின், கிட்டத்தட்ட 27 டிகிரி செல்சியஸ். அதே தரவில் 0 என்றால் அங்கே மதிப்பே இல்லை, பெரும்பாலும் மேகம் மறைத்த இடம். தாவரப் பசுமைக் குறியீட்டுத் தரவிலோ காரணி 0.0001, வெற்றிடம் −3000. ஒரே செயற்கைக்கோள் குடும்பம்தான், ஆனால் ஒவ்வொரு தரவுக்கும் விதி வேறு. வடிவம் மாற்றும் ஜிடால்டிரான்ஸ்லேட் கட்டளையில் அன்ஸ்கேல் என்ற விருப்பத்தைக் கொடுத்து, வெளியீட்டை மிதவைப் புள்ளி எண்ணாகவும் கேட்டுவிட்டால் பெருக்கல் வேலையை அதுவே செய்துவிடும். கோப்பில் காரணி முறையாக எழுதப்பட்டிருந்தால் மட்டும்தான் இது நடக்கும் என்பதால், வெளியீட்டில் இரண்டு மூன்று பிக்சல்களை நேரில் பார்த்துவிடுவது என் வழக்கம்.

மழைத் தரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் சேவை தரும் ஈஆர்ஏ5, ஈஆர்ஏ5-லேண்ட் இரண்டுமே அற்புதமான கடந்தகால வானிலைத் தொகுப்புகள். முதலாவது 1940இலிருந்து, 0.25 டிகிரி கட்டங்களில். இரண்டாவது 1950இலிருந்து, 0.1 டிகிரி கட்டங்களில், நிலப்பரப்புக்கு மட்டும். இரண்டிலும் மணிக்கணக்கில் மழை உண்டு, மாறியின் பெயரும் ஒன்று, அலகும் ஒன்று: மீட்டர். ஆயிரத்தால் பெருக்கினால் மில்லிமீட்டர். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் ஈஆர்ஏ5இல் ஒவ்வொரு எண்ணும் அந்த ஒரு மணி நேரத்து மழை. ஈஆர்ஏ5-லேண்டில் ஒவ்வொரு எண்ணும் உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து அதுவரை பெய்ததன் கூட்டுத்தொகை. மணிக்கு 1 மில்லிமீட்டர் வீதம் நாள் முழுக்கச் சீராகப் பெய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஈஆர்ஏ5இல் 1, 1, 1 என்று இருபத்து நான்கு எண்கள், கூட்டினால் 24. லேண்டில் 1, 2, 3 என்று 24 வரை ஏறும். அதையும் பழக்கத்தில் கூட்டிவிட்டால் 300 மில்லிமீட்டர் ஆகிவிடும். வெறும் தூறல் பெருவெள்ளமாகத் தெரியும். சரியான வழி, மறுநாள் 00 மணி மதிப்பை மட்டும் எடுப்பது. முந்தைய நாளின் மொத்த மழை அதில்தான் இருக்கிறது. மாத இறுதி நாளுக்கு அடுத்த மாதத்தின் முதல் மதிப்பு வேண்டும் என்பதால், தரவிறக்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அதே ஈஆர்ஏ5இல் தீர்க்கரேகை 0இலிருந்து 360 வரை ஓடும். மேற்கு அரைக்கோளத்தில் வேலை செய்பவர்களுக்கு நாடே வரைபடத்தின் வலது ஓரத்தைத் தாண்டிப் போய் நிற்கும். படத்தை வேறு ஆயமுறைக்கு மாற்றும் ஜிடால்வார்ப் கட்டளையில் மையத் தீர்க்கரேகையை 0 என்று கொடுத்தால் இடம் மாறிவிடும். அப்புறம் அரைக் கட்டம். ஈஆர்ஏ5 எண்கள் புள்ளிகளுக்கானவை, வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை 721 வரிசைகள். ஜிஐஎஸ் அந்தப் புள்ளியைக் கட்டத்தின் நடுவாகக் கொள்வதால், படத்தின் மேல் விளிம்பு 90.125 டிகிரியில் போய் நிற்கும். அது சரிதான், பதற வேண்டாம். அதை 90க்கு இழுத்து ஒட்டினால்தான் தரவு நகரும். நிலநடுக்கோட்டில் 0.125 டிகிரி என்பது ஏறக்குறைய 14 கிலோமீட்டர்.

செயற்கைக்கோள் படங்களில் நான் எல்லோரிடமும் தவறாமல் சொல்வது ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் தரவின் 2022 ஜனவரி 25 மாற்றத்தை. அன்று நடைமுறைக்கு வந்த 04.00 செயலாக்கப் பதிப்பிலிருந்து எல்லா எண்களோடும் 1000 கூட்டப்பட்டு வருகிறது. முன்பு எதிரொளிப்பு விகிதத்தைப் பெற பத்தாயிரத்தால் வகுத்தால் போதும். இப்போது ஆயிரத்தைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். சிவப்பில் 1400, அகச்சிவப்பில் 4000 என்று ஒரு பிக்சல் இருந்தால், கழித்துக் கணக்கிடும்போது பசுமைக் குறியீடு 0.76, அடர்ந்த பயிர். கழிக்காவிட்டால் 0.48. பழைய படங்களோடு சேர்த்து வரைபடம் போட்டால், உலகத்துத் தாவரமெல்லாம் ஒரே வாரத்தில் வாடியதுபோல் ஒரு சரிவு தெரியும். கூகுள் எர்த் எஞ்சினில் இதைச் சரிக்கட்டிய தனித் தொகுப்பே இருக்கிறது. வேறு இடத்திலிருந்து எடுத்தால், இந்த வேலை ஏற்கெனவே நடந்துவிட்டதா என்று விவரக்குறிப்பில் பாருங்கள். இரண்டு முறை கழிப்பதும் ஆபத்துதான்.

புரொஜெக்‌ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை) மாற்றத்தில் ஜிடால்வார்ப்மீது எனக்குக் குறையே இல்லை. மோடிஸின் சைனுசாய்டல் கட்டங்களைக்கூடப் பிரச்சினை இல்லாமல் மாற்றித்தரும். நாம் கவனிக்க வேண்டியது மறுமாதிரி முறையை (புதிய கட்டத்துக்கு மதிப்பு எடுக்கும் முறை) மட்டும்தான். நிலப்பயன்பாடு போன்ற வகைத் தரவுக்கு அருகிலுள்ள மதிப்பு, வெப்பநிலை போன்ற தொடர் தரவுக்கு பைலீனியர், அதாவது சுற்றியுள்ள நான்கு மதிப்புகளின் எடையிட்ட சராசரி. ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈஎஸ்ஏவின் வேர்ல்ட்கவர் நிலப்பரப்பு வரைபடத்தில் மரம் 10, பயிர்நிலம் 40. இவற்றை பைலீனியரில் மாற்றினால் நடுவில் 20, 30 என்று எண்கள் முளைக்கும். அவை புதருக்கும் புல்வெளிக்குமான எண்கள். தோப்புக்கும் வயலுக்கும் நடுவே இல்லாத புல்வெளி உருவாகிவிடும்.

வெக்டர் (புள்ளி, கோடு, பரப்பு) பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவம் நெடுவரிசைப் பெயரைப் பத்து எழுத்தில் வெட்டிவிடும், 2 ஜிபிக்கு மேல் தாங்காது, ஒரே தரவு நாலைந்து கோப்பாகச் சிதறிக் கிடக்கும். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும் ஜியோபேக்கேஜுக்கு மாறிவிடுங்கள்.

அணுகலைப் பொறுத்தவரை தளத்துக்குத் தளம் அனுபவம் மாறுகிறது. நாசாவின் எர்த்டேட்டா கணக்கு ஒன்று இருந்தால் அவர்களுடைய பெரும்பாலான தொகுப்புகளுக்கும் அதுவே போதும், அது பெரிய நிம்மதி. வேறொரு பெரிய தளத்தில் அமைப்பை மாற்றியபோது காலப் பரிமாணத்தின் பெயரும் மாறிவிட்டது. அதுவரை ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. அதிலிருந்து, பெயரை ஸ்கிரிப்டில் ஒரே இடத்தில் மட்டும் எழுதி, மற்ற இடங்களில் அதைச் சுட்டும்படி வைத்திருக்கிறேன். காத்திருப்பு வரிசை உள்ள தளங்களில் பத்து வருடத்தை ஒரே கோரிக்கையாகக் கேட்காமல், மாதம் மாதமாக, வேண்டிய பகுதியை மட்டும் கேட்டால் சீக்கிரம் நகர்கிறது.

இத்தனை வருடத்தில் என் வேலையை உண்மையாகவே இலகுவாக்கியது மேகக்கணிக்கு ஏற்ற ஜியோடிஃப். கோப்பு உள்ளுக்குள் சிறு ஓடுகளாகவும், சுருக்கிய மேற்பார்வைப் படங்களோடும் அடுக்கப்பட்டிருக்கும். ஜிடால் தொலைவிலுள்ள கோப்பின் முகவரியை வாங்கிக்கொண்டு, நமக்குத் தேவையான ஓடுகளை மட்டும் இழுத்துவரும். ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிக்காக முழுப் படத்தையும் இறக்கிய காலம் இதோடு போய்விட்டது. 2023இல் புவியிடத் தரநிலைகளை வகுக்கும் ஓஜிசி அமைப்பு இதைத் தரநிலையாகவே ஏற்றுக்கொண்டது. இப்போது நானே தரவு பகிரும்போது இந்த வடிவத்தில்தான் கொடுக்கிறேன்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு: காலம். 31 நாள் கொண்ட மாதத்து மணித் தரவை ஜியோடிஃப் ஆக்கினால் மணிக்கு ஓர் அடுக்காக 744 பட்டைகள் வரும், 1இலிருந்து 744 வரை வெறும் எண்களோடு. எது எந்த நாள், எந்த மணி என்பது கண்ணில் படாது. அதனால் காலம் சார்ந்த கூட்டல், சராசரி எல்லாவற்றையும் நெட்சிடிஎஃப் ஆக இருக்கும்போதே சிடிஓ, எக்ஸ்அரே போன்ற காலத் தரவுக் கருவிகளில் முடித்துவிட்டு, நாள் மதிப்பாகவோ மாத மதிப்பாகவோ சுருங்கிய பிறகுதான் ஜியோடிஃப் ஆக்குகிறேன். கோப்புப் பெயரிலேயே தேதியும் அலகும் இருக்கும். மூலக் கோப்பை, தரவிறக்கிய தேதியும் பதிப்பு எண்ணும் எழுதிய குறிப்போடு தனி அடைவில் வைத்திருக்கிறேன், அதை நான் அழிப்பதே இல்லை.