2,400 டாலர் போச்சு: கலைச் சிகிச்சை செய்ய வெளிநாட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் உடனே பணம் கட்டாதீர்கள்

திரும்பி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆறிப்போனால் பாதியை நானே விழுங்கிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நான் ஆர்ட் தெரபிஸ்ட், அதாவது படம் வரைவது போன்ற கலை வழியாக மனநலச் சிகிச்சை செய்பவள். முதுகலை முடித்து ஐந்து வருடம் மனநல வார்டில் வேலை பார்த்திருக்கிறேன். போரால் இடம்பெயர்ந்த குழந்தைகளோடு கொஞ்ச காலமாவது வேலை செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காகவே லீவு சேர்த்து வைத்திருந்தேன். தன்னார்வலர்களை வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லங்களில் சேர்த்துவிடும் ஓர் இணையதளம் கண்ணில் பட்டது. ஆறு வாரத்துக்கு 2,400 டாலர். விமான டிக்கெட் தனி. தங்குமிடம், சாப்பாடு, மொழிபெயர்ப்பாளர், கலைப் பொருட்கள், வாரம் ஒரு முறை கிளினிக்கல் சூப்பர்விஷன் (அனுபவமுள்ள சிகிச்சையாளர் ஒருவர் நம் வேலையைக் கேட்டு வழிநடத்துவது) எல்லாம் அதில் அடக்கம் என்று போட்டிருந்தார்கள்.

2,400 டாலரைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. முதலில் வீடியோ காலில் பேசினேன். அவர்களுடைய ஒருங்கிணைப்பாளர் கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் சூப்பர்வைசரிடம் இதைப் பற்றிப் பேசிவிட்டீர்களா?" என்பதுதான். நான் விழுந்தது அந்தக் கேள்வியில். நம் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஆர்ட் தெரபி என்றால் குழந்தை கையில் கலர் பென்சிலைக் கொடுத்து உட்கார வைப்பது, அவ்வளவுதான். இவரோ குழந்தை வரைந்த படத்தை எங்கே பூட்டி வைப்போம், யார் பார்க்கலாம், ஆறு வாரம் கழித்து நான் கிளம்பும்போது அந்தப் பிரிவுக்குக் குழந்தைகளை எப்படித் தயார் செய்வோம் என்று தானாகவே பேசிக்கொண்டு போனார். நான் சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஒருவரைத்தானே இத்தனை நாள் தேடினோம் என்று தோன்றியது. பேசி முடித்த பத்தாவது நிமிடத்தில் பணத்தைக் கட்டிவிட்டேன். முன்பு போய் வந்த ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

போய் இறங்கியதும் பார்த்தது இதுதான். 'தெரபி அறை' என்பது மடக்குக் கட்டில்களும் தண்ணீர் கேன்களும் அடுக்கி வைத்த ஸ்டோர் ரூம். கதவு கிடையாது. சூப்பர்வைசர் என்று யாருமே இல்லை. மொழிபெயர்ப்பாளர் என்று கொண்டுவந்து நிறுத்தியது அதே இல்லத்தில் வளரும் பதினான்கு வயதுப் பையனை. ஒரு குழந்தை தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல, கூடவே தூங்கி எழும் இன்னொரு குழந்தை அதை எனக்கு மொழிபெயர்க்க வேண்டுமாம்! குழந்தைகளோடு வேலை என்பதால் நானாகவே போலீஸ் சான்றிதழ் வாங்கி அனுப்பியிருந்தேன். அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

என்னோடு இரண்டு கல்லூரி மாணவர்கள் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள், ஆனால் இந்தப் படிப்பின் வாசனையே இல்லாதவர்கள். முதல் நாளே மூன்று பேருக்கும் முதுகில் 'கலைச் சிகிச்சையாளர்' என்று அச்சடித்த டி-ஷர்ட் கொடுத்தார்கள். பிரிட்டனில் எச்சிபிசி (சுகாதாரத் துறைப் பணியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு இல்லாமல் ஒருவர் தன்னை ஆர்ட் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது, சட்டப்படி குற்றம். இங்கே அந்தப் பட்டம் 2,400 டாலர் ரசீதோடு கிடைக்கிறது.

மூன்றாம் நாள் ஒரு சிறுமி வந்தாள். ஏழு வயது இருக்கும். உட்கார்ந்த இரண்டே நிமிடத்தில் ஒரு வீடு, ஒரு மரம், மூலையில் சூரியன் வரைந்தாள். தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள், சிரித்தாள், அப்படியே அசையாமல் நின்றாள். எனக்குப் புரியவில்லை. பையன்தான் சொன்னான்: "போட்டோ எடுத்துக்கச் சொல்றா, அக்கா." நான் போனை எடுக்கவில்லை. அவள் தப்பு செய்துவிட்டதுபோல முகம் சுருங்கி, தாளைத் திருப்பி அந்தப் பக்கத்தில் அதே வீட்டை இன்னும் பெரிதாக வரைய ஆரம்பித்தாள். பின்னால் சுவர் முழுக்க அதே வீடு, அதே மரம், அதே சூரியன். எனக்கு முன்னால் அந்த வருடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று பையனைக் கேட்டேன். விரல் விட்டு எண்ணி, எட்டு என்றான்.

அடுத்த வாரத்துக்கான பயிற்சித்தாள் அச்சடித்து வந்தது. முதல் வரி: 'உன் வாழ்க்கையின் மிக மோசமான நாளை வரை.' ஒரே செஷன், அப்புறம் அடுத்த குழு. போர், பேரிடர்களில் சிக்கியவர்களிடம் இப்படி ஒரே தடவையில் நடந்ததைக் கிளறி எடுக்கும் வேலையைச் செய்யாதீர்கள் என்று ஐஏஎஸ்சி (ஐநாவும் உதவி அமைப்புகளும் சேர்ந்த குழு) வழிகாட்டி 2007லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அவசரகால மனநலப் பணியில் இருக்கும் அமைப்புகள் கையில் வைத்திருக்கும் ஆவணம் அது. முடியாது என்றேன். "மற்ற வாலண்டியர்கள் யாரும் இப்படிப் பிரச்சினை பண்ணவில்லையே" என்றார் இல்லத்தின் பொறுப்பாளர். ஒன்பதாம் நாள் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் அலைக்கழிப்பு. ஒருங்கிணைப்பாளர் லீவில் இருக்கிறார். ஒரு வாரம் கழித்து, அவர் இப்போது வேலையிலேயே இல்லை. சாட்டில் எழுதினால் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்'. மின்னஞ்சல் அனுப்பினால், பயணத்துக்கு அறுபது நாள் முன்பு ரத்து செய்தால் மட்டுமே ரீஃபண்ட். சூப்பர்விஷன் எங்கே என்று கேட்டதற்கு, 'களத்தின் சூழ்நிலைக்கு ஏற்பத் திட்டம் மாறலாம்' என்று ஒப்பந்தத்தின் பதினோராவது பிரிவைக் காட்டினார்கள். அதில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உண்மைதான். கடைசியில் அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். 2,400 டாலரையும் வாங்கிக்கொண்டு அடுத்த பயணமாம்! பணம் கட்டிய கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்தேன். தங்குமிடமும் சாப்பாடும் கிடைத்ததே, சேவை வழங்கப்பட்டதாக அந்தத் தளம் சொல்கிறதே என்கிறார்கள்.

பணத்தைவிட அதிகமாகக் கொதிக்க வைத்தது வேறொன்று. அந்தச் சிறுமி தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் அவர்கள் தளத்தில் இருக்கிறது. முகம் தெளிவாகத் தெரிகிறது. வேறு யாரோ எடுத்தது. சிகிச்சையில் ஒரு குழந்தை வரைவது அந்தக் குழந்தையின் ரகசியம். நீக்குங்கள் என்று நான்கு முறை எழுதிவிட்டேன். இன்று காலை வரை நீக்கவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது கை ஓடவில்லை. சுருக்கமாக:

உங்கள் துறையின் வார்த்தைகளைச் சரளமாகப் பேசுகிறார்கள் என்பதற்காக நம்பாதீர்கள். சூப்பர்வைசரின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள், அவரிடமே பேசுங்கள். எனக்கு முன் போன எட்டுப் பேரில் ஒருவரிடம் பேசியிருந்தால்கூட இந்த 2,400 டாலர் என் கையில் இருந்திருக்கும்.

விசா படிவத்தில் 'சுற்றுலா' என்று போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பல நாடுகளில் சம்பளமில்லாத வேலையும் வேலைதான், மாட்டிக்கொள்வது நீங்கள்.

ஐநா தன்னார்வலர் திட்டம் சேர்வதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை, தங்கிச் செலவு செய்ய அவர்களே பணம் தருகிறார்கள். முதலில் அங்கே பாருங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் கார்டு புகாரைத் தள்ளிப்போடாதீர்கள், பெரும்பாலும் 120 நாள்தான் கெடு. சாட், விளம்பரப் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் போய் வருவதற்குள் 'வாராந்திர சூப்பர்விஷன்' என்ற வரியை அவர்கள் பக்கத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். என்னிடம் பழைய படம் இருக்கிறது. அதை வைத்துத்தான் இன்று மறுபடி புகார் எழுதப் போகிறேன்.