துண்டு போட்ட இடத்துக்கு 1,47,000 ரூபாய்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் ரசீது எழுதியவன் நான். பிள்ளைகள் பத்து ரூபாய் கட்டினாலும் ரசீது கிழித்துக் கொடுக்காமல் அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவன் 1,47,000 ரூபாயை மூன்று தவணையாக, ஒரு ரசீதுகூட வாங்காமல் கொடுத்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வாங்கிய பயண முகவர் இன்னும் தொழில் நடத்துகிறார். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா மலேசியாவின் பினாங்கில் ஒரு துணிக்கடையில் பதினொரு வருடம் கணக்கெழுதியவர். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து ஆட்கள் நிறையப் போய்ப் பிழைத்த ஊர் அது. நான் ஓய்வுபெற்றதும் மனைவியோடு அந்தக் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பாதங் பெசார் எல்லை வழியாக ரயிலில் தாய்லாந்து, பிறகு வியட்நாம் என்று 45 நாள் சுற்றிவரத் திட்டம். இருவருக்கும் சாப்பாடு உட்பட மூன்று லட்சம். அதற்கு மேல் வைப்புநிதியில் கைவைக்க மனைவி சம்மதிக்கவில்லை. 2024 ஜூனில் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் மாடியில் இருந்த ஒரு பயண முகவரிடம் போனோம். பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது.

"ரயில் ஏறி இறங்கி ஏன் சிரமப்படுகிறீர்கள் அண்ணாச்சி? அதே பணத்தில் விமானத்திலேயே அனுப்பிவைக்கிறேன்" என்றார். எங்கள் மூன்று லட்சத்தைக் கேட்டு அவர் முகம் சுளிக்கவில்லை. மற்ற இரண்டு இடங்களில் சுளித்தார்கள். நாங்கள் விழுந்தது அதில்தான்.

அவர் எழுதிக் கொடுத்த கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. விமானம் 84,000. மலேசியா விசா 9,000. தாய்லாந்து விசா 6,000. வியட்நாம் விசா 15,000. விடுதி முன்பணம் 20,000. காப்பீடு 6,000. இதற்கு மேல் ஐந்து சதவீத வரி 7,000. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. கூட்டல் சரியாக இருந்தால் கணக்கும் சரி என்று நினைப்பது எங்கள் தொழில் புத்தி.

பணத்தைக் கடைக் கணக்கில் வாங்கவில்லை. வங்கியில் ஏதோ சிக்கல் என்று சொல்லி, தன் மைத்துனர் பெயரில் இருந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். ஆகஸ்டில் நீல நிறக் கோப்பு ஒன்றைக் கையில் கொடுத்தார்: வண்ணத்தில் அச்சடித்த டிக்கெட், விடுதி உறுதிச் சீட்டுகள், காப்பீட்டுத் தாள். விசாவெல்லாம் கிளம்புவதற்கு முந்தின வாரம் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். அன்று இரவே டிக்கெட்டில் இருந்த ஆறெழுத்துக் குறியீட்டை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கள் இருவர் பெயரும் தேதியும் அப்படியே வந்தன. மனைவி மறுநாளே புளிக்காய்ச்சலுக்குப் புளி ஊறப்போட்டுவிட்டாள்.

விசா வரவில்லை. போன் செய்தால், "மலேசியாவுக்கு அங்கே இறங்கியதும் கொடுப்பார்கள், மற்றவை வந்துகொண்டே இருக்கின்றன" என்றார். செப்டம்பரில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், வாசலில் நின்ற காவலர் தாளைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டார். கவுண்டரில் இருந்த பெண் இரண்டு முறை தட்டச்சிட்டுப் பார்த்துவிட்டு, "முன்பதிவு இருந்தது சார், பணம் கட்டாததால் ரத்தாகிவிட்டது. டிக்கெட் எடுக்கவே இல்லையே" என்றார். அங்கே இன்னொரு அவமானம்: உள்ளே போனவர்கள் நினைத்தபடி வெளியே வர முடியாது. விமான நிறுவனத்தின் ஆள் ஒருவர் எங்களைக் காவலரிடம் கூட்டிப்போய், பதிவேட்டில் கையெழுத்து வாங்கி வெளியே விட்டார். நாகர்கோவில் வழியாக ஊர் திரும்பிய பஸ்ஸில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆரல்வாய்மொழி காற்றாலைகளைத் தாண்டும்போது மட்டும், "புளிக்காய்ச்சல் கெடாது" என்றாள்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முகவர்கள் தங்கள் கணினியில் பணம் கட்டாமலேயே ஒருவர் பெயரில் இருக்கையைப் பிடித்துவைக்க முடியும். கெடு தேதிக்குள் டிக்கெட் எடுக்காவிட்டால் அது தானாக ரத்தாகும். புதிய பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான். உண்மையான மின் டிக்கெட்டில் அந்த ஆறெழுத்தைத் தவிர 13 இலக்க டிக்கெட் எண் ஒன்று இருக்கும். முதல் மூன்று இலக்கம் அந்த விமான நிறுவனத்தின் குறி. எங்கள் தாளில் அந்த இடத்தில் அதே ஆறெழுத்துதான் மறுபடியும் இருந்தது.

கோப்பில் மற்றதும் அதே வகைதான். இந்தியர்களுக்கு 30 நாள் வரை மலேசியா விசா 2023 டிசம்பர் 1 முதல் தேவையே இல்லை. தாய்லாந்துக்கும் அப்போது தேவையில்லை. இல்லாத விசாவுக்கு 15,000 கொடுத்திருக்கிறேன்! வியட்நாம் மின்விசாவுக்கு அந்நாட்டு அரசின் தளத்தில் நாமே விண்ணப்பித்தால் ஒருமுறை நுழைய 25 டாலர், அப்போதைய மதிப்பில் ஆளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். அவர் வாங்கியது ஆளுக்கு 7,500, விண்ணப்பிக்கவும் இல்லை. பினாங்கு விடுதிக்கு எழுதிக் கேட்டேன். கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய, வந்து பணம் கட்டும் அறை அது. எங்களிடம் கோப்பைக் கொடுத்த மறுநாளே ரத்து செய்யப்பட்டிருந்தது. காப்பீட்டுத் தாளில் பாலிசி எண் இல்லை; பிரீமியம் எவ்வளவு ஆகும் என்று சொல்லும் மதிப்பீட்டுத் தாள் அது. அச்சுக்கூலி தவிர ஒரு பைசா செலவில்லாத கோப்பு.

அந்த 7,000 வரி தனிக் கதை. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு ஐந்து சதவீத வரி பிடிப்பது அன்றைக்கு உண்மையான விதிதான். ஆனால் அதை நம் பான் எண்ணில் கட்ட வேண்டும், நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது தெரியும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். அவர் என் பான் எண்ணைக் கேட்கவே இல்லை. பள்ளி ஊழியர்களுக்கெல்லாம் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவனுக்கு இது உறைத்திருக்க வேண்டாமா?

இணையப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பணம் அனுப்பிய சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். மூன்று மாதம் கழித்து அதில் என்ன இருக்கும்? காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்குப் பிறகு 30,000 திருப்பித் தந்தார், "விமான நிறுவனம் ஏமாற்றிவிட்டது அண்ணாச்சி" என்ற விளக்கத்தோடு. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மைத்துனர் கணக்குக்குப் போன பணம் தன்னுடையதல்ல என்று முகவர் இப்போது வாதிடுகிறார். அவர் கைப்பட எழுதிய அந்தக் கணக்குத் தாள் ஒன்றுதான் என் பிடி.

போன மாதம் அந்த மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அறை பூட்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளி வேறு பெயர்ப் பலகை; கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அதே நாற்காலி, அதே ஆள். எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் நீல நிறக் கோப்பு. கதவைத் திறந்து, "அதில் 13 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று அவர்களிடம் சொன்னேன். அந்த அம்மா கோப்பைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்.