கோத்தகிரியில் ஒரு சீனவியல் மையம்: திட்ட அறிக்கைச் சேவை பற்றிய மதிப்புரை

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக வந்த பழைய தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்று கோத்தகிரிக்கு மேலே இருக்கிறது. அங்கே சீனவியல் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்குவதற்கான திட்ட அறிக்கையைத் தயாரித்துத் தரும் பணி, உயர்கல்வி நிறுவனங்களுக்கு இத்தகைய அறிக்கைகளை எழுதித் தரும் தனியார் ஆலோசனை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. திட்டக் குழுவின் உறுப்பினராக மூன்று நாள் கள ஆய்விலும், அதன்பின் வந்த இரண்டு வரைவுகள் மீதான விவாதங்களிலும் கலந்துகொண்டேன். இதே போன்ற பணிக்கு ஆள் தேடும் துறைகளுக்குப் பயன்படும் என்பதால் என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கட்டடம் தொடர்பான பணியில் குறை சொல்ல இடமில்லை. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை என்பதை அறிந்து, சுவர்களின் ஈரத்தை அளக்க நவம்பர் மாதத்தையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நூலகத்துக்காக நாங்கள் ஒதுக்கியிருந்த கீழ்த்தள அறை பூஞ்சைக்கு விருந்தாகிவிடும் என்று சொல்லி, வெயில் படும் மேல்தள அறைக்கு அதை மாற்றினார்கள். நூல் கொண்டு தைத்த பழைய சீனப் புத்தகங்களின் மெல்லிய தாள் மலைப்பனியில் எவ்வளவு விரைவில் கெடும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஒரு மாற்றத்தின் அருமை புரியும். ஈரநீக்கிக் கருவிகளுக்கும் மின்தடை நேரத்து மாற்று ஏற்பாட்டுக்கும் தனித்தனியே செலவு காட்டியிருந்ததும் நன்று.

கல்விப் பகுதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. முதல் வரைவின் நோக்கங்கள் என்ற இயலில் எல்லைப் பிரச்சினை, வணிகம், பாதுகாப்பு ஆகிய மூன்றுமே நிறைந்திருந்தன. அவை தேவையற்றவை அல்ல. ஆனால் 1969-இல் உருவான ஆய்வுக் குழு ஒன்றிலிருந்து வளர்ந்த டெல்லி சீன ஆய்வு நிறுவனமும், 2008 முதல் இயங்கும் சென்னை சீன ஆய்வு மையமும், சென்னை ஐஐடியின் சீன ஆய்வு மையமும் ஏற்கெனவே செய்துவரும் பணியை மலைமேல் ஒரு பங்களாவில் மீண்டும் செய்வதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? தமிழ் படித்தவர்களால்தான் சிறப்பாகச் செய்யக்கூடிய பணி வேறு இருக்கிறது. சீனத்தின் புஜியான் கடற்கரையில் உள்ள துறைமுக நகரில் சிவன் கோயில் ஒன்றுக்காக 1281-இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டில் தமிழும் சீன எழுத்தும் ஒரே கல்லில் நிற்கின்றன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409-ஆம் ஆண்டு தேதியிட்டு இலங்கைக்குக் கொண்டுவந்த, காலி நகரக் கல்வெட்டு எனப்படும் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சோழ நாட்டுத் தூதுக்குழு 1015-இல் சீன அரசவையை அடைந்ததைச் சொங் வம்ச வரலாறு குறித்து வைத்திருக்கிறது. இராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்து மண்ணிலிருந்து சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட அந்த வரைவில் இடம்பெறவில்லை என்பதைப் படித்து முடித்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

நீலகிரி மாவட்டத்தைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. மலாய்ப் பகுதியின் ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து நீலகிரிக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நடுவட்டத்தில் மலேரியா மருந்தான குயினைனுக்காக வளர்க்கப்பட்ட சின்கோனா மரத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். அவர்களில் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியிருந்ததை ஆங்கிலேய இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். இந்த மலையின் வாழ்வாதாரமான தேயிலையின் பெயரில் உள்ள ‘தே’ புஜியான் கடற்கரைப் பேச்சிலிருந்து வந்தது. கூடலூர்க் கடைகளில் ‘சாயா’ என்று கேட்கிறோமே, அது சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கும் ‘சா’விலிருந்து வந்தது. ஒரே மாவட்டத்துக்குள் அச்சொல் வந்த இரண்டு வழிகளும் வந்து சேர்கின்றன. மையத்துக்கு இந்த இடம் ஏன் பொருத்தமானது என்று நிதி தருபவர் கேட்டால், குளிர்ச்சியான சூழல் என்று அறிக்கை சொன்ன விடையைவிட இது வலுவான விடை.

இரண்டாவது பெரிய குறை மொழி பற்றியது. பகுதிநேர ஆசிரியர் ஒருவரும் ஆறு மாதப் பயிற்சி வகுப்பும் போதும் என்று முதல் வரைவு எழுதியிருந்தது. இன்றைய நாளிதழைச் சரளமாகப் படிப்பவருக்கும் பழைய செவ்வியல் சீனத்தில் அமைந்த வம்ச வரலாறு பிடிபடாது. 1956 முதல் பெருநிலச் சீனத்தில் எழுத்துகள் எளிமையாக்கப்பட்டுவிட்டதால், பழைய நூல்களுக்கும் தைவான் பதிப்புகளுக்கும் மரபு எழுத்தையும் தனியே கற்க வேண்டும். சாந்திநிகேதனில் 1937-இல், சீன அறிஞர் தான் யுன்ஷான் முயற்சியால் திறக்கப்பட்ட சீன பவனத்துக்கு நூல்களும் மொழி கற்பித்தலுமே அடித்தளமாக இருந்தன. அந்த முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கும்போது அறிக்கை அதைத் தொடாமல் போனது சரியன்று.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலும் உண்டு. சீனப் பெயர்களைத் தமிழில் எழுத இன்றுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட முறை இல்லை. பாடநூலில் யுவான் சுவாங் என்று படித்தவரை வேறொரு நூல் ஹியூன் சாங் என்கிறது, மற்றொன்று சுவான்சாங் என்கிறது. மூவரும் ஒருவரே என்பதை மாணவர் எப்படி அறிவார்? மேலே நான் சொன்ன புஜியான் துறைமுக நகரைக்கூடக் குவான்சௌ என்றும் சுவான்சௌ என்றும் எழுதுகிறார்கள். சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுத 1958-இல் ஏற்கப்பட்ட பின்யின் முறையை அடிப்படையாகக் கொண்டு தமிழ் ஒலிபெயர்ப்பு அட்டவணை ஒன்றை உருவாக்குவதே மையத்தின் முதலாண்டுப் பணியாக இருக்க வேண்டும் என்று குழுக் கூட்டத்தில் வலியுறுத்தினேன். அது இல்லாமல் நூலகப் பட்டியல்கூட ஒழுங்காக அமையாது.

மின்னணு நூலகத்துக்கான தொகை முழுவதையும் சிஎன்கேஐ என்ற சீனத் தரவுத்தளத்தின் சந்தாவுக்கே ஒதுக்கியிருந்தார்கள். 2023 ஏப்ரலில் அத்தளம் ஆய்வேடுகளையும் புள்ளிவிவர ஆண்டு நூல்களையும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நிறுத்தியதை நாங்கள் எடுத்துச் சொன்ன பிறகு, பாதித் தொகை அச்சு நூல்களுக்கு மாற்றப்பட்டது. சீன பௌத்தத் திருமுறை முழுவதும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கேட்டதைத் திருத்தும் மனம் அவர்களுக்கு இருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் வரைவில் 200 இருக்கை அரங்கம் 60 இருக்கையாகச் சுருங்கியது. மொழிக்கு இரண்டு முழுநேரப் பணியிடங்கள் வந்தன. வெளிநாட்டு நன்கொடை தொடர்பான சட்ட நடைமுறை தெளிவாக விளக்கப்பட்டது. நடுவட்டம் பற்றி மட்டும் இரண்டே பத்திகள்தான் எழுதியிருந்தார்கள். அதை நானும் வரலாற்றுத் துறை நண்பர் ஒருவரும் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

கட்டடம், நிதி, சட்டம் ஆகியவற்றுக்கு இந்த வகை நிறுவனத்தைத் தயங்காமல் அமர்த்தலாம். கல்வி நோக்கம் பற்றிய இயலைத் துறையினரே முதலில் எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும்; கடைசித் தவணையை இரண்டாம் வரைவு ஏற்கப்பட்ட பிறகே செலுத்துவது என்று ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ள வேண்டும். நாங்கள் அப்படி எழுதியிருந்ததால்தான் இரண்டாம் வரைவு குறித்த தேதியில் வந்து சேர்ந்தது.