ஸ்லைடை டூப்ளிகேட் போடுவதும் இடம் மாற்றுவதும்: நான்கு மென்பொருள்களுக்கு ஒரே சோதனை

பிரசன்டேஷன் மென்பொருள் பற்றி யார் எழுதினாலும் டெம்ப்ளேட் எத்தனை, அனிமேஷன் எத்தனை என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. பயிற்சி வகுப்பு எடுப்பது என் பிழைப்பு. அறுபது எழுபது ஸ்லைடு உள்ள கோப்பை அடிக்கடி பிரித்துப் போட்டு வேறு வரிசையில் கோக்க வேண்டியிருக்கும், அதில் புதிதாக எழுதுவது ஐந்தோ ஆறோதான், மற்றதெல்லாம் இருப்பதை டூப்ளிகேட் போட்டு இரண்டு வார்த்தை மாற்றுவதும் பதினேழாவது ஸ்லைடைத் தூக்கி நான்காவதாக வைப்பதும்தான். அதனால் பவர்பாயிண்ட், கூகுள் ஸ்லைட்ஸ், கீநோட், லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ் நான்கையும் இந்த இரண்டு வேலையை மட்டும் வைத்து எடை போட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் ஓட்டு பவர்பாயிண்டுக்கு. ஆனால் ஸ்லைடுகளை வரிசைப்படுத்துவதில் இருப்பதிலேயே நல்ல யோசனை ஒன்று கீநோட்டில்தான் இருக்கிறது, அதை மற்றவர்கள் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

டூப்ளிகேட் போடுவதில் பெரிய வித்தியாசம் எதுவும் கிடையாது. பவர்பாயிண்டிலும் கூகுள் ஸ்லைட்ஸிலும் கன்ட்ரோல் + டி, கீநோட்டில் கமாண்ட் + டி, இம்ப்ரெஸில் இடப்பக்க ஸ்லைடு மேல் வலது க்ளிக் செய்தால் டூப்ளிகேட் ஸ்லைடு என்று இருக்கும். ஒரே ஒரு இடத்தில்தான் எல்லோரும் ஒருமுறையாவது கால் இடறுவார்கள்: ஸ்லைடுக்குள் ஒரு படத்தையோ எழுத்துப் பெட்டியையோ தொட்டுவிட்டு கன்ட்ரோல் + டி அழுத்தினால் ஸ்லைடு நகலாகாது, அந்தப் பெட்டிதான் இரண்டாகும், அதுவும் கொஞ்சம் தள்ளி ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதால் சில சமயம் கண்ணில் படவே படாது. இடப்பக்கப் பட்டியில் இருக்கும் சின்ன ஸ்லைடை ஒருமுறை க்ளிக் செய்துவிட்டு அழுத்துங்கள், பிரச்சினை தீர்ந்தது. பல ஸ்லைடுகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து டூப்ளிகேட் போட்டால் பவர்பாயிண்டில் நகல்கள் எல்லாம் கடைசியாகத் தேர்ந்த ஸ்லைடுக்குப் பின்னால் கொத்தாக வந்து நிற்கும். 3, 3, 4, 4 என்று வரும் என எதிர்பார்த்தவர்கள் ஏமாந்து போவார்கள்.

படம் நிறைந்த ஸ்லைடை நகலெடுத்தால் கோப்பு இரண்டு மடங்கு பெருத்துவிடும் என்று நிறைய பேர் பயப்படுகிறார்கள். பவர்பாயிண்டின் பிபிடிஎக்ஸ் கோப்பு என்பது உள்ளுக்குள் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். அதில் ஸ்லைடு தனியாக, படம் தனியாக இருக்கும். நகல் ஸ்லைடும் அதே படத்தைத்தான் சுட்டும். ஆகவே தாராளமாக நகலெடுக்கலாம். ஸ்லைடுகளின் வரிசையும் அப்படித்தான், உள்ளே ஒரு பட்டியலாக மட்டும் இருக்கிறது.

இடம் மாற்றுவதுதான் உண்மையான சோதனை. பத்து ஸ்லைடு என்றால் எதிலும் இழுத்துப் போடலாம். அறுபது ஸ்லைடில் ஐம்பத்தி மூன்றாவதை ஐந்தாவது இடத்துக்கு இடப்பக்கப் பட்டியிலேயே இழுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், பட்டி முதலில் நகரவே நகராது, அப்புறம் திடீரென்று ஓடி முதல் ஸ்லைடுக்குப் போய் முட்டும், கை தவறி நடுவில் எங்கோ விட்டுவிட்டு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்போம். இதற்கு இரண்டு வழி. ஒன்று, இழுக்கவே வேண்டாம், கன்ட்ரோல் + எக்ஸ் போட்டு வெட்டி, போக வேண்டிய இடத்துக்கு முந்தைய ஸ்லைடில் நின்று கன்ட்ரோல் + வி. சலிப்பான வழிதான், ஆனால் தவறாது. ஓரிரு இடம் மட்டும் நகர்த்தப் பவர்பாயிண்டிலும் கூகுளிலும் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மேல் அம்பு, கீழ் அம்பு. கூடவே ஷிஃப்டும் சேர்த்தால் நேராக முதலுக்கோ கடைசிக்கோ போய்விடும்.

இரண்டாவது வழி, எல்லா ஸ்லைடையும் ஒரே திரையில் பரப்பி வைத்துக்கொண்டு மாற்றுவது. பவர்பாயிண்டிலும் இம்ப்ரெஸிலும் இதற்கு ஸ்லைடு சார்ட்டர் என்று பெயர், கூகுளில் கிரிட் வியூ, கீநோட்டில் லைட் டேபிள். இந்த லைட் டேபிள் என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை மீது 35 மில்லிமீட்டர் பிலிம் ஸ்லைடுகளைப் பரப்பி, கையால் நகர்த்தி வரிசை பார்த்த காலத்துப் பெயர் அது. அப்படி வரிசை பார்த்ததை வட்டத் தட்டில் ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். கோடக் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த காரசல் புரொஜெக்டரின் வழக்கமான தட்டில் 80 ஸ்லைடு பிடிக்கும். நடுவில் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கப்புறம் இருப்பதையெல்லாம் ஒவ்வொரு குழி தள்ளிச் செருக வேண்டும். ஒரே படத்தை முதலிலும் கடைசியிலும் காட்ட வேண்டுமா, பிலிமையே நகலெடுக்க வேண்டும். கோடக் ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதை 2004-இல்தான் நிறுத்தியது, அதாவது பவர்பாயிண்ட் வந்து (1987, முதலில் மேக்கின்டாஷுக்கு) 17 வருஷம் கழித்து.

சரி, சார்ட்டருக்கு வருவோம். பவர்பாயிண்ட் இங்கேதான் ஜெயிக்கிறது, காரணம் 2010 பதிப்பில் வந்த செக்ஷன். ஸ்லைடுகளை 'அறிமுகம்', 'பயிற்சி 1', 'கேள்விகள்' என்று பெயரிட்டுப் பிரித்துக்கொள்ளலாம், பெயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் பன்னிரண்டு ஸ்லைடும் ஒன்றாகக் கூடவே வரும். நான் எல்லாக் கோப்பிலும் கடைசியில் 'கிடப்பு' என்று ஒரு செக்ஷன் வைத்திருக்கிறேன், இப்போதைக்கு வேண்டாம், ஆனால் அழிக்க மனசு வராது என்கிற ஸ்லைடெல்லாம் ஹைட் செய்யப்பட்டு அங்கே போய்ச் சேரும். இந்த ஒரு பழக்கத்தால் எவ்வளவோ நேரம் மிச்சம்.

கீநோட் இன்னும் ஒரு படி மேலே யோசித்திருக்கிறது. ஒரு ஸ்லைடை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் அது மேலே இருப்பதற்குக் குழந்தையாகிவிடும், அதற்குக் கீழே இன்னொன்றைப் பேரக்குழந்தையாகவும் வைக்கலாம், முக்கோணத்தை அழுத்தி மூடிவிட்டால் தாய் ஸ்லைடை இழுக்கும்போது குடும்பமே கூட நகரும். செக்ஷன் என்பது அறை பிரிப்பது மாதிரி, இது குடும்ப மரம் மாதிரி, பேச்சின் அமைப்பு உண்மையில் இப்படித்தானே இருக்கிறது! வருத்தம் என்னவென்றால் இதற்காகவே ஆப்பிள் சாதனம் வாங்கச் சொல்லி யாரிடமும் சிபாரிசு செய்ய முடியாது. உலாவியில் திறக்கும் பதிப்பு உண்டு என்றாலும் எனக்கு அதில் கை ஓடவில்லை.

கூகுள் ஸ்லைட்ஸைப் பலர் சேர்ந்து செய்யும் வேலைக்கு மட்டும் எடுப்பேன். அதில் எனக்குப் பிடித்தது, வேறு கோப்பிலிருந்து ஸ்லைடை ஒட்டும்போது இணைப்போடு ஒட்டவா, இணைப்பில்லாமலா என்று கேட்பது. இணைப்போடு ஒட்டினால் மூலத்தில் திருத்தம் செய்ததும் இங்கே அப்டேட் பொத்தான் வரும், ஒரே அறிமுக ஸ்லைடை எட்டுக் கோப்பில் வைத்திருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் நீங்கள் ஒரு ஸ்லைடில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதைத் தூக்கி வேறெங்கோ வைக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். வரிசை மாற்றும் வேலையை ஒருவர் கையில் விட்டுவிடுவது நல்லது. குழம்பிப்போனால் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய நிலையைத் தனி நகலாக எடுத்து, வேண்டிய ஸ்லைடுகளை மட்டும் இம்போர்ட் செய்துகொள்ளலாம்.

இம்ப்ரெஸ் இலவசம், சார்ட்டர் இருக்கிறது, வேலை நடக்கும். ஒரு ஸ்லைடில் இருக்கும் ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனி ஸ்லைடாக விரிக்கும் எக்ஸ்பாண்ட் ஸ்லைடு அதில் எனக்குப் பிடித்த விஷயம். மற்றபடி சொல்ல அதிகமில்லை.

நான்கிலும் பொதுவாக இருக்கும் பொறிகள் வேறு. டூப்ளிகேட் போட்டு, நகலைத் திருத்தி, பழையதை அழிப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். வேறு ஸ்லைடிலிருந்து பழைய ஸ்லைடுக்கு ஒரு லிங்க் வைத்திருந்தீர்கள் என்றால் அது அதோடு செத்துவிடும். லிங்க் ஸ்லைடையே பிடித்துக்கொண்டிருக்கும், எங்கே நகர்த்தினாலும் கூடவே போகும், ஆனால் அதன் நகலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஆகவே பழையதைத் திருத்துங்கள், நகலைக் கிடப்பில் போடுங்கள். 'பதினெட்டாவது ஸ்லைடில் பார்த்த மாதிரி' என்று கையால் எழுதி வைப்பதும் இதே ரகம், வரிசை மாறிய மறுநிமிடம் அது பொய்.

டூப்ளிகேட் போட்டு, நகலில் படத்தை நகர்த்தி வைத்து, பவர்பாயிண்டில் மார்ஃப், கீநோட்டில் மேஜிக் மூவ் என்று கொடுத்தால் படம் தானாக நகர்வது மாதிரி இருக்கும், அழகுதான். அந்த ஜோடியை நடுவில் பிரித்து இன்னொரு ஸ்லைடைச் செருகினால் கதை முடிந்தது. பவர்பாயிண்டில் இந்த மாற்றம் ஜோடியின் இரண்டாவது ஸ்லைடில் ஒட்டியிருக்கும், கீநோட்டில் முதல் ஸ்லைடில். எதை நகர்த்தினால் எது கெடும் என்று தேடும்போது இது தெரிந்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

பவர்பாயிண்டில் வேறு கோப்பிலிருந்து ஸ்லைடு கொண்டுவரும்போது கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங் கொடுத்தால் அந்தக் கோப்பின் மாஸ்டரும் (எழுத்து, நிறம், பின்னணியைத் தீர்மானிக்கும் மூல அச்சு) கூடவே குடிவந்துவிடும். பத்துக் கோப்பிலிருந்து பொறுக்கினால் பத்து மாஸ்டர். நிறம் மாறினாலும் பரவாயில்லை என்று இங்கே இருக்கும் தீமிலேயே ஒட்டி, கெட்டுப்போனதைக் கையால் சரிசெய்வதே மேல்.

ஒரே கோப்பை மூன்று விதமான ஆட்களுக்குக் காட்ட மூன்று நகல் கோப்பு வைத்திருப்பவர்கள் கஸ்டம் ஷோ என்ற ஒன்றைப் பாருங்கள், பவர்பாயிண்டிலும் இம்ப்ரெஸிலும் உண்டு. மூல வரிசையைத் தொடாமல், எந்த ஸ்லைடுகள், எந்த வரிசையில் என்று தனிப் பட்டியல் போட்டுப் பெயர் வைத்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழையை ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

கடைசியாக, ஸ்பீக்கர் நோட்ஸ். டூப்ளிகேட் போடும்போது அடியில் இருக்கும் பேச்சுக் குறிப்பும் சேர்ந்தே நகலாகும், அது திரையில் தெரியாததால் யாரும் கவனிப்பதில்லை. ஒருமுறை ஒரு குழுவுக்குச் செய்த கோப்பை டூப்ளிகேட் போட்டுப் போட்டு இன்னொரு குழுவுக்குத் தயார் செய்து அப்படியே அனுப்பிவிட்டேன். ஸ்லைடில் எல்லாம் பெயர் மாற்றியிருந்தேன், குறிப்பில் மட்டும் 'இவர்களுக்கு இது எளிதில் புரியாது, மெதுவாகச் சொல்' என்று முந்தைய குழுவைப் பற்றி எழுதியது அப்படியே இருந்தது. வாங்கியவர்கள் அது தங்களைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் அனுப்புவதற்கு முன் நோட்ஸ் பேஜ் வியூவைத் திறந்து ஒவ்வொரு ஸ்லைடாகக் கீழே பார்த்துக்கொண்டு போகிறேன்.