விம்மில் நடப்பு டைரக்டரி: ஃபைலோடு ஓடவா, ப்ராஜெக்டில் நிற்கவா?

விம் எடிட்டரில் 'பிடபிள்யூடி' (:pwd) என்று அடித்தால் இப்போது எந்த டைரக்டரியில், அதாவது எந்த ஃபோல்டரில், இருக்கிறோம் என்று சொல்லிவிடும். எதில் இருக்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு வழிகள் பல.

புதிதாக வருபவர்களுக்கு முதலில் பிடித்துப்போவது 'ஆட்டோசிஎச்டிர்' (autochdir) என்ற அமைப்பு. இதைப் போட்டுவிட்டால், எந்த ஃபைலுக்குத் தாவினாலும் அது இருக்கும் ஃபோல்டருக்கே விம்மும் கூடவே போய்விடும். பக்கத்து ஃபைலைத் திறக்க வெறும் பெயர் போதும். கட்டுரை, குறிப்பு, உதிரி ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு நல்ல வசதிதான்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு வேண்டாம் என்பேன். நான் இரண்டு வருடம் வைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு ஃபங்ஷனை நீக்குமுன், வேறு எங்காவது அதைக் கூப்பிடுகிறார்களா என்று க்ரெப் (ஃபைல்களுக்குள் சொல் தேடும் கட்டளை) போட்டேன். ஒன்றும் வரவில்லை, நீக்கிவிட்டேன். ஆனால் தேடல் நடந்தது நான் நின்றிருந்த உள் ஃபோல்டரில் மட்டும்; அதைக் கூப்பிட்ட மூன்று இடங்களும் மேலே இருந்தன. புரோகிராமைக் கட்டும் 'மேக்' கட்டளைக்கும் இதே கதிதான்: அது படிக்கும் மேக்ஃபைல் ப்ராஜெக்டின் உச்சியில் இருக்கும், விம் எங்கோ அடியில் நிற்கும். ஆட்டோசிஎச்டிரைப் போட்டால் சில பிளக்இன்கள் (கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்கள்) வேலை செய்யாமல் போகலாம் என்று விம்மின் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது.

சரி, கையால் மாற்றினால்? ஒரே ப்ராஜெக்ட் என்றால் தொடக்கத்தில் டைரக்டரியை மாற்றும் 'சிடி' (:cd) ஒன்று போதும். இரண்டு ப்ராஜெக்டை ஒன்றாகத் திறந்தால் அது போதாது. 'எல்சிடி' (:lcd) ஒரு விண்டோவுக்கு மட்டும் மாற்றும். நாலைந்து விண்டோ பிரித்த பிறகு எது எங்கே நிற்கிறது என்பது நினைவில் நிற்காது.

என் தேர்வு 'டிசிடி' (:tcd). விம்மிலிருந்து பிரிந்த நியோவிம்மில் முதலில் வந்தது, 2019-இல் விம்முக்கும் வந்தது. டேபுக்கு ஒரு டைரக்டரி. ப்ராஜெக்டுக்கு ஒரு டேப் என்று வைத்துக்கொண்டால், டேப் மாறும்போது க்ரெப், மேக் எல்லாம் தானாக இடம் மாறிவிடும். ஒரு எச்சரிக்கை: அந்த டேபில் கை பழக்கத்தில் 'சிடி' அடித்தால் டேபின் தனி டைரக்டரி போய்விடும். சந்தேகம் வந்தால் 'வெர்போஸ் பிடபிள்யூடி' (:verbose pwd) அடியுங்கள். இருக்கும் இடம் விண்டோவுடையதா, டேபுடையதா, பொதுவானதா என்பதையும் காட்டும்.

இதையும் தானாகச் செய்ய 'விம்-ரூட்டர்' பிளக்இன் இருக்கிறது. கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ப்ராஜெக்டின் உச்சியில் வைத்திருக்கும் ஃபோல்டரைத் தேடி மேலே ஏறி அங்கே போய் நிற்கும். ஒரு கிட்டுக்குள் இன்னொரு கிட் இருந்தால் உள்ளே உள்ளதிலேயே நின்றுவிடும் என்பதால் எனக்கு ஒத்துவரவில்லை.

ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டர் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு பஃபருக்கும் (திறந்து வைத்திருக்கும் ஃபைலுக்கும்) தனி டைரக்டரி. ஃபைல் திறப்பது அங்கிருந்து தொடங்கும். கம்பைல் செய்ய ப்ராஜெக்ட் கட்டளையைக் கூப்பிட்டால் அது மட்டும் உச்சியிலிருந்து ஓடும். இரண்டு தேவைகளையும் பிரித்து வைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும்.

விம்மிலும் இதைக் கிட்டத்தட்டப் பெறலாம். டைரக்டரியை டிசிடியில் நிறுத்திவிட்டு, பக்கத்து ஃபைல் வேண்டும்போது திறக்கும் கட்டளைக்குப் பின் சதவீதக் குறி, முக்காற்புள்ளி, எச் (%:h) என்று அடித்து டேப் விசையைத் தட்டுங்கள். இப்போதைய ஃபைலின் ஃபோல்டர் அங்கேயே விரிந்து வரும்.